ஆடிக் காற்றும் புது டிஷ்ஷும்

"ஏணியக் கட்டினீங்களா இல்லியா? மொதல்ல அதச் சொல்லுங்க!"

கீழேயிருந்து வந்த மனைவி பிரஷாந்தினியின் குரல் காற்றில் பாதி அறுபட்டுக் கேட்டது. ஏணியின் மேல்படியில் நின்ற ஜனகன் குனிந்து பார்த்தான். வாசலில் மகள் விதுஷா அண்ணாந்து நின்றாள்.

"மேலயும் கட்டியாச்சு, கீழயும் கட்டியாச்சு புள்ள. ஆடாது."

கொஸ்லந்தைக்கு மேலே, மலை விளிம்பில் இருந்தது அவர்களுடைய லயம், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள். ஆடி பிறந்துவிட்டால் பள்ளத்திலிருந்து ஏறிவரும் காற்று ஒரு தகரத்தையும் சும்மா விடாது. முந்தின இரவு, கூரையில் ஆணியடித்து நிறுத்தியிருந்த டிஷ்ஷை ஒரு தகரத்தோடு சேர்த்துப் பிடுங்கி எறிந்துவிட்டது. காலையிலேயே ஜனகன் பஸ் ஏறிப் பதுளைக்குப் போய், லத்தீப் கடையில் புது டிஷ் ஒன்றை வாங்கி, துளை போடும் மெஷினையும் இரவலாகக் கேட்டு எடுத்து வந்திருந்தான்.

"திரும்பவும் கூரையிலயா மாட்டப் போறீங்க?"

"இல்ல, இல்ல. கூரையில மாட்டியிருந்தேன்னு சொன்னதுக்கு லத்தீப் நானா ஏசிட்டாரு. தகரத்த நம்பி எதையும் நிறுத்தக் கூடாதாம். இந்தக் கடைசிக் கல்லுச் சுவத்துல நாலு போல்ட் போட்டு, ரெண்டு பக்கமும் கம்பி இழுத்துக் கட்டச் சொன்னாரு. டிஷ்ஷு குடை மாதிரி காத்தப் புடிக்குமாம்."

"குடையா?" பிரஷாந்தினி சிரித்துவிட்டாள். "அது எனக்குத் தெரியாதா?"

ஜனகனுக்கும் சிரிப்பு வந்தது. அவர்களுக்குக் கல்யாணமாகுமுன் லயத்துக்கே ஒரு டீவிதான், கங்காணி வீட்டில். மாலையானால் வாசல்வரை சனம் உட்கார்ந்திருக்கும். இப்படி ஓர் ஆடியில்தான் அந்த டிஷ்ஷும் பறந்தது. பெரியவர்கள், சிறுசுகள் எல்லாரும் தேயிலைக்குள் இறங்கித் தேடினார்கள். அவன் கண்ணில்தான் பட்டது. அதைத் தூக்கவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது. பக்கத்து நிரையில் நனைந்துகொண்டு நின்றவள் பிரஷாந்தினி.

"டிஷ்ஷத் தலைக்கு மேல புடிச்சுகிட்டு, இதுக்குள்ள வாறியான்னு கேட்டீங்க. அதுவரைக்கும் என்கிட்ட ஒரு வார்த்த பேசினதில்ல."

"நீயும் வந்தியே."

"வராம? கங்காணி மேல நின்னுகிட்டு, டிஷ்ஷு நெளிஞ்சிரும்டான்னு கத்துறாரு. நீங்க திரும்பிக்கூடப் பாக்கல்ல."

"அம்மா, இந்தக் கத எனக்கு மனப்பாடம்," என்றாள் விதுஷா. "அப்பா, சீக்கிரம் போடுங்க."

ஜனகன் மெஷினைச் சுவரில் வைத்தான்.

"சாந்துல போடாதீங்க, அது பழசு, உதிரும். கல்லுலயே போடுங்க," என்றாள் பிரஷாந்தினி. "கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி நில்லுங்க. என்னா செய்றீங்கன்னே தெரியல்ல."

நாலு போல்ட்டும் இறுகின. சட்டத்தில் டிஷ்ஷை மாட்டி, முதல் கம்பியை இழுக்கக் கையை நீட்டினான். அந்த நேரம் பார்த்துக் காற்று அடித்தது. இடுப்பில் கட்டியிருந்த சாரம் காலைச் சுற்ற, ஜனகனின் பாதம் படியிலிருந்து வழுக்கியது. இரண்டு கையாலும் சட்டத்தைப் பிடித்துத் தொங்கினான்.

"அப்பா!" விதுஷா ஓடிப்போய் ஏணியை மார்போடு அணைத்துப் பிடித்தாள்.

"என்னாச்சு? ஐயோ, என்னாச்சு? ஒண்ணும் தெரியல்லியே! யாராச்சும் சொல்லுங்களேன்!"

ஜனகன் காலால் துழாவிப் படியைக் கண்டுபிடித்தான். சட்டம் இம்மியும் அசைந்திருக்கவில்லை.

"ஒண்ணுமில்ல. நிக்கிறேன், பாரு."

பிரஷாந்தினி சொன்னாள்: "எறங்குங்க. காத்து அடங்கினாப் பிறகு போட்டுக்கலாம். ஒரு நாள் நாடகம் பாக்காட்டி செத்தா போயிருவோம்?"

"நம்ம ஒரு நாளும் விட்டதில்லியே புள்ள."

ஜனகன் இரண்டு கம்பிகளையும் முறுக்கிக் கட்டினான். டிஷ்ஷை மெதுவாகத் திருப்பினான்.

"உள்ள போய்ப் பாரு விதுஷா."

விதுஷா ஓடினாள். வீட்டுக்குள்ளிருந்து பிரஷாந்தினியின் குரல்தான் முதலில் வந்தது. "வருது... இன்னும் கொஞ்சம்... ஆ, வந்துருச்சு! விட்டுருங்க, அப்பிடியே விட்டுருங்க!"

ஜனகன் கடைசி நட்டையும் இறுக்கிவிட்டு இறங்கினான். மேலே காற்று ஊளையிட்டது. டிஷ் சுவரோடு சுவராக நின்றது. உள்ளே படமும் அறுபடாமல் ஓடியது.

விதுஷா வெளியே ஓடி வந்தாள். "படம் தெளிவா இருக்குப்பா!"

"கையக் காட்டுங்க," என்றாள் பிரஷாந்தினி. ஜனகன் உள்ளங்கைகளை விரித்துக் காட்டினான். சட்டத்தின் விளிம்பு பட்டுத் தோல் உரிந்திருந்தது. "மஞ்சள் வச்சுக் கட்டுங்க. ஒங்களுக்கு அப்பவே சொன்னேன்."

"சரி சரி. நாடகத்துக்கு வந்துருவதானே?"

"வராம? மேடம் கூப்புடுறாங்க, வச்சிருறேன். நீங்க அங்க போட்டதும் நானும் இங்க குசினியில போட்டுருவேன்."

விதுஷா வலித்த கையை மெல்லத் தாழ்த்தினாள்; அதிலிருந்த போனில், குவைத்தின் ஏதோ ஒரு வீட்டுச் சமையலறையும் இரண்டு வருஷமாக ஊருக்கு வராத அம்மாவின் முகமும் மறைந்தன.