காலியைப் பெருக்கினால்

"இதைவிட என்ன சாட்சி வேணும், டாக்டர்?"

நிதால் மேசையைத் தட்டிய வேகத்தில் காப்பிக் கோப்பை குதித்தது.

அம்மானில் புதிய கணினி மொழிகளுக்கான போட்டி. இறுதிச் சுற்றுக்கு வந்த இரண்டு மொழிகளும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருந்தன. ஒன்றைக் கொண்டுவந்தவர் நிறுவன முதலாளி நிதால். மற்றதைக் கொண்டுவந்தவள் கல்லூரி மாணவி லுப்னா, போன கோடையில் அவருடைய அலுவலகத்தில் பயிற்சிக்கு இருந்தவள். சந்தேகம் யார்மேல் விழும்?

நடுவர் டாக்டர் ரவ்தாவுக்குச் சங்கடமாக இருந்தது. திருட்டு நிரூபணமானால் பெண்ணின் படிப்பே போய்விடும்.

"பிளஸ் போட்டா ரெண்டு சொல் ஒட்டிக்கும். அது ஊர்ல எல்லா மொழியும் செய்யறதுதான்," என்றார் நிதால். "ஆனா ஒரு பட்டியலை மைனஸ் ஒண்ணால பெருக்கினா தலைகீழா திரும்பும் பாருங்க, அந்தக் கிறுக்குத்தனம் எங்க மொழியில மட்டும்தான் உண்டு. இவ மொழிக்கு அது எப்படிப் போச்சு?"

ரொட்டி, ஃபலாஃபில், வெங்காயம் என்று ஒரு பட்டியலைக் கொடுத்து, மைனஸ் ஒன்றால் பெருக்கினார் டாக்டர். இரண்டு கணினிகளிலும் வெங்காயம் முன்னால் வந்து நின்றது.

லுப்னாவின் கைப்பேசி மறுபடி அலறியது.

"அம்மா. சாப்பிடக் கூப்பிடறாங்க," என்று அதை அணைத்தாள்.

"வயித்துப்பாடு முக்கியம்தான்," என்றார் நிதால். "அடுத்தவன் உழைப்பைத் தின்னவளுக்கு இன்னும் பசிக்குதா?"

"எடுத்தியாம்மா? சொல்லிடு," என்றார் டாக்டர்.

"இல்லை, டாக்டர். காலிப் பட்டியலை மைனஸ் ஒண்ணால பெருக்கச் சொல்லுங்க. அவர் கணினியில."

நிதால் விழுந்து விழுந்து சிரித்தார். "உள்ள ஒண்ணுமே இல்லாததைத் திருப்பினா என்ன வரும், ஹபீப்தி? ஒண்ணும் வராது. எந்தப் பைத்தியக்காரன் அதைப் போட்டுப் பார்ப்பான்?"

"நீங்க போட்டுப் பார்த்ததில்லையா, உஸ்தாத்?"

"இப்போ பார்த்துட்டாப் போச்சு!"

தன் கணினியைப் பெரிய திரையோடு இணைத்து, அரங்கமே பார்க்க, ஒற்றை விரலால் தட்டினார்.

திரையில் விடையாக வந்தது: 'லுப்னா, மன்சஃப் ஆறிப்போகுது, கணினியை மூடி வச்சுட்டு சாப்பிட வாடி! – அம்மா.'