இன்ஷா அல்லா சொன்ன ராவுத்தர்

சாவு வீட்டு வாசலில் சிரித்த முகத்தோடு வந்து நின்றார் நைனா ராவுத்தர். கக்கத்தில் ஒரு கோழி. கையில் கருப்பட்டிப் பொட்டலம்.

"அல்ஹம்துலில்லா! எங்கப்பா இருளப்பா, புள்ளையக் காட்டு. மாஷா அல்லான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போறேன். கண்ணு படாது."

தோட்டத்துக் கூலிகளின் லயத்து வாசலில் குந்தியிருந்த சனம் திரும்பி இருளப்பனைப் பார்த்தது.

இருளப்பன் எழுந்தான். முந்தின நாள் சாயங்காலம்தான் அந்தப் பச்சை மண்ணைப் பால்மரக் காட்டோரம் புதைத்துவிட்டு வந்திருந்தான். நகத்தில் செம்மண் இன்னும் போகவில்லை.

"என்ன தைரியமிருந்தா சிரிச்சிக்கிட்டு வருவே?"

பாய்ந்து ராவுத்தரின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான். கோழி நழுவிக் கத்திக்கொண்டு ஓடியது.

"என்னப்பா இது? என்ன ஆச்சு?"

"என்ன ஆச்சா? வண்டி கொண்டாறேன்னு சொன்னியே, என்னய்யா ஆச்சு ஒன் வண்டி?"

இருளப்பன் பெண்சாதி செல்லாயிக்குத் தலைப்பிரசவம். வயிற்றைத் தொட்டுப் பார்த்த மருத்துவச்சி, "புள்ள குறுக்க கெடக்கு. வலி எடுக்கிறதுக்குள்ள சுங்கை பட்டாணி ஆசுபத்திரிக்குக் கொண்டு போயிடு" என்று சொல்லியிருந்தாள். தோட்டத்து வண்டி ரப்பர் பால் ஏற்றப் போயிருந்தது. இருளப்பன் பக்கத்து ஊரான திகாம் பத்துவுக்கே ஓடி, ராவுத்தரின் மாட்டுவண்டியைக் கேட்டான்.

"வெடியக்காலம் வந்துடுறேன், இன்ஷா அல்லா" என்றார் ராவுத்தர்.

விடிந்தது. வலிதான் வந்தது.

"சக்கரச் சத்தம் கேக்குதா, கேக்குதான்னு கேட்டுக்கிட்டே கெடந்தாய்யா அவ!" இருளப்பன் அவரைப் பிடித்து உலுக்கினான். "உச்சி வரைக்கும் கேட்டா. அப்புறம் கேக்கல."

ராவுத்தரின் முகம் வெளுத்தது. "புள்ள...?"

"மண்ணுக்குள்ள இருக்கு. அங்க போய்ச் சொல்லு ஒன் மாஷா அல்லாவ!"

"அவன்கிட்ட என்னடா பேச்சு வேண்டிக்கெடக்கு?"

பெஞ்சில் உட்கார்ந்திருந்த முருகையா கங்காணி கத்தினார். துக்கம் கேட்க முதல் ஆளாக வந்தவர் அவர்தான். பிள்ளையைப் புதைக்கிறவரை கூடவே நின்றார்.

"நான் அப்பவே சொன்னனே! இவனுங்க இன்ஷா அல்லான்னா வரமாட்டேன்னு அர்த்தம். முடியாதுன்னு நேராச் சொல்லமாட்டானுங்க. பழிய சாமி மேல போட்டுட்டு நழுவிடுவானுங்க. இந்த வண்டிக்காரனுங்களே இப்படித்தான். போன மாசம் ஒருத்தன் வந்து என் ஆளுங்க ரெண்டு குடும்பத்த ராவோட ராவா செமிலிங் தோட்டத்துக்கு ஏத்திட்டுப் போயிட்டான். நாலு போடு போட்டு வெரட்டுங்கடா!"

ராவுத்தர் அதைக் காதில் வாங்கவில்லை. கண்ணை மூடிச் சொன்னார்.

"இன்னாலில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்."

"பாத்தியா, மந்திரம் போடுறான்!" கங்காணி துள்ளி எழுந்தார். "புள்ளையத் தின்னது பத்தாதுன்னு மந்திரம் வேற!"

பக்கத்து வீட்டுப் பழனியாண்டி வந்து ராவுத்தரின் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டான். தலைப்பாகை கீழே விழுந்தது.

ராவுத்தர் அதை எடுக்கக் குனியவில்லை.

"மந்திரம் இல்லப்பா. நாம அல்லாவோட சொத்து, அவன்கிட்டயே திரும்பிப் போறோம்னு அர்த்தம். என் மவன் மவுத்தானப்பவும் இதத்தான் சொன்னேன்." அவர் இருளப்பனைப் பார்த்தார். "செல்லாயி?"

"உசிரு இருக்கு. அவ்வளவுதான்."

"அல்ஹம்..." பாதியிலேயே வார்த்தையை விழுங்கிக்கொண்டார்.

"எந்தச் சாமி பேரையும் சொல்லாத!" இருளப்பன் சட்டையை இன்னும் முறுக்கினான். "வரமுடியாதுன்னு அன்னைக்கே சொல்லியிருந்தா, நான் என் தோள்ல தூக்கிக்கிட்டாவது ஓடியிருப்பேன். ஏன்யா என்னைய நம்ப வச்சே?"

இப்போது ராவுத்தருக்கும் கோபம் வந்தது. கழுத்து நரம்பு புடைத்தது.

"ஏமாத்துறதுக்கு அல்லா பேர இழுக்கிறவன் இல்லடா நான்! என் வாக்கு மட்டும் போதாது, அவனும் நாடணும்னுதான் இன்ஷா அல்லா சொன்னேன். நாடினான். வெள்ளி மொளைக்கிறப்பவே என் வண்டி ஒங்க தோட்டத்துக் கேட்டுல நின்னுச்சு. வைக்கோல் போட்டு, மேல பாயி விரிச்சு நின்னுச்சு!"

இருளப்பனுக்குப் புரியவில்லை. "என்ன சொல்றே?"

"கேட்டத் தொறக்கலப்பா. 'ராத்திரியே சுகப்பிரசவம் ஆயிடுச்சு. தாயும் புள்ளையும் நல்லா இருக்காங்க. வண்டி வேணாம், திரும்பிப் போ'ன்னாங்க. ஒரு எட்டு பாத்துட்டுப் போறேனேன்னேன். வெளி வண்டி உள்ள வரக்கூடாதுன்னாங்க. சரி, நல்ல சேதிதானேன்னு அல்ஹம்துலில்லா சொல்லிட்டு மாட்டத் திருப்பினேன். இல்லேன்னா, கோழியத் தூக்கிக்கிட்டு எழவு வீட்டுக்கு எவனாச்சும் வருவானா?"

சனம் கிட்டே நெருங்கியது.

"யாரு சொன்னது?" என்றான் இருளப்பன்.

"இதோ, என்னைய அடிக்கச் சொல்லி ஒன்ன ஏவிவிடுறாரே, இவருதான்."

"டேய், பொய் சொல்றான்டா..." என்றபடியே கங்காணி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினார்.

வீட்டுக்குள்ளே பாய் சரசரத்தது. பிள்ளை போனதிலிருந்து வாயே திறக்காமல் கிடந்த செல்லாயி, சுவரைப் பிடித்துக்கொண்டு நிலைப்படியில் வந்து நின்றாள்.

"ராவுத்தர விடுங்க" என்றாள். "கங்காணிய விடாதீங்க."