நாலு பிளக், நாலு புள்ளி

“மெக்கானிக் கிட்ட வண்டியைக் குடுக்கறதுக்கு முன்னாடி, ஸ்பார்க் பிளக் நாலுலயும் ஒரு அடையாளம் வெச்சுடு ரமா” என்றாள் அடுத்த வீட்டு லோகநாயகி மாமி.

“எதுக்கு மாமி?”

“எதுக்கா? போன மாசம்தானே நாலும் புதுசு போட்டே? அவன் அதைக் கழட்டி வெச்சுண்டு பழசை மாட்டி அனுப்புவான். நீ கான்வென்ட்ல படிச்சவ. பிளக்குக்கு ஸ்பெல்லிங் தெரியும். பழசு எது, புதுசு எதுன்னு தெரியுமா?”

ரமாவுக்குத் தெரியாது.

கணவன் தோத்தாத்ரி நாகபுரிக்கு மாற்றலாகி மூன்று மாதம். போகும்போது காரையும், இரண்டு வயது ரஞ்சனியையும், ரஞ்சனியின் இழுப்பையும் அவளிடம் விட்டுப் போயிருந்தான்.

புதன்தோறும் அஸ்தினாபுரத்திலிருந்து ரயில்வே கேட்டைத் தாண்டித் தாம்பரத்து டாக்டரிடம் போக வேண்டும். போன புதன், சரியாகத் தண்டவாளத்தின் மேல் கார் நின்றுவிட்டது. பின் சீட்டில் குழந்தை மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தாள். யார் யாரோ ஓடிவந்து தள்ளினார்கள். கேட்கீப்பர் போட்ட கூச்சல் இன்னும் அவள் காதில் இருந்தது.

இன்று திங்கள். நாளை மறுநாள் மறுபடி புதன்.

பானெட்டைத் திறந்து ஒயர்களை உருவி, குழந்தையின் பழைய துணியால் பிளக்குகளின் வெள்ளைப் பீங்கானைத் துடைத்தாள். நகத்துக்குப் போடும் க்யூடெக்ஸை எடுத்து, நாலிலும் ஒவ்வொரு புள்ளி வைத்தாள். இளம் ரோஸ் நிறம். நாலாவது புள்ளி வழிந்து இடுக்கில் இறங்கியது.

அரை மணியில் லாசரஸ் வந்தார். ஜி.எஸ்.டி. ரோட்டில் சின்னதாக ஷெட் வைத்திருப்பவர். பானெட்டைத் திறந்து விரலால் தொட்டுப் பார்த்தார்.

“பிளக்கைச் சுத்தி எண்ணெய் நிக்குதும்மா. அதான் வண்டி நின்னுச்சு.”

“பிளக் எல்லாம் புதுசு” என்றாள் ரமா, கொஞ்சம் அழுத்தி.

“பிளக் மேல தப்பு இல்லம்மா. மேல இந்த வால்வு மூடி கீது பாருங்க, அதுக்கு அடியில கார்க் பேக்கிங் நசுங்கிப் போச்சு. அது வழியா கசிஞ்சு பிளக் மேல எறங்குது. யாரோ நட்டை ரொம்ப இறுக்கிக்கீறாங்களே?”

கசிவதைப் பார்த்துப் பயந்து, தினம் ஒரு சுற்று முறுக்கியவள் ரமாதான்.

“பயந்துகினு முறுக்கினா கார்க் இன்னும் நசுங்கும். இன்னும் கசியும்” என்று சிரித்தார். “நாளைக்கு சாயங்காலம் வண்டி இங்க நிக்கும். பேஜார் படாதீங்க.”

பிளக்குகளைக் கழற்றித் துடைத்தவர், ஒன்றைக் கையில் வைத்து உற்றுப் பார்த்தார். பிறகு ரமாவைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் மாட்டி, வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

“பாத்தியா, எப்படி எடை போடறான்!” என்றாள் மாமி, ஜன்னலிலிருந்து.

செவ்வாய் சாயங்காலம் சொன்னபடி கார் வந்தது. ரமா சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொண்டது. ஒரே சீரான சத்தம். நிறுத்திவிட்டுப் பார்த்தாள். வால்வு மூடியைச் சுற்றி ஒரு சொட்டு இல்லை.

மாமி வந்து பக்கத்தில் நின்று கண்ணைக் காட்டினாள்.

“பிளக்கை ஒரு தரம் பார்க்கணும்” என்றாள் ரமா.

லாசரஸ் தானே ஒயர்களை உருவினார். நாலு பீங்கானிலும் நாலு புள்ளி. ரமாவுக்கு மூச்சு வந்தது.

மாமிக்கு வரவில்லை. “நன்னாப் பாருடி. நீ வெச்சது ரோஸ். இது ரத்தச் சிவப்பு.” காதோடுதான் சொன்னாள். தெருமுனை வரை கேட்டது.

ரமா பார்த்தாள். ஆமாம், சிவப்பு.

“லாசரஸ், இந்தப் புள்ளியை யார் வெச்சது?”

அவர் முகம் சுருங்கியது. கையைத் துணியில் துடைத்துக்கொண்டார்.

“நான்தாம்மா. தப்புதான்.”

“ஒத்துண்டுட்டான் பாரு!” என்றாள் மாமி.

நாளைக்கும் அதே கேட், அதே தண்டவாளம். உள்ளே யாருடைய பழைய பிளக்கோ. ரமா அவர் பக்கம் திரும்பினாள். “ஏன் இப்படிப் பண்ணினீங்க? என் குழந்தை போற வண்டி இது!”

“அதுக்கோசரம்தாம்மா. பெட்ரோல்ல ஊறப்போட்டுக் கம்பி பிரஷ் போட்டேனா, எண்ணெய்ப் பிசுக்கோட நீங்க வெச்ச பொட்டும் போயிடுச்சு. ஆயுத பூசைக்கு மிஷினுக்கு வெப்பாங்களே, அந்த மாதிரி கொழந்தைக்காவ வேண்டிகினு வெச்சிருப்பீங்க. அழிஞ்சதப் பாத்தா நாளைக்கு வண்டி எடுக்கவே பயப்படுவீங்கன்னு, எங்க பக்கத்து வூட்டு சரசு அக்காகிட்ட குங்குமம் வாங்கியாந்தேன். எண்ணெய் ஆவாதுன்னு தண்ணிலதான் கொழச்சேன்.”

ரமா குனிந்தாள். நாலாவது பிளக்கின் இடுக்கில், குங்குமத்துக்குக் கீழே, பிரஷ் எட்டாத இடத்தில் மணலளவு ரோஸ் ஒட்டிக்கொண்டிருந்தது.

“அடுப்புல பால் வெச்சிருக்கேன்” என்று மாமி நகர்ந்தாள்.

லாசரஸ் கழுத்தில் தொங்கிய சிலுவையைச் சட்டைக்குள் தள்ளிக்கொண்டு, தயங்கித் தயங்கிக் கேட்டார்:

“குளிச்சுட்டுத்தான் வெச்சேன். ஆனா நான் வேதக்காரனாச்சே... நான் வெச்சாலும் பலிக்கும் இல்லம்மா?”