மேல்வீட்டுப் பந்து

"மேல என்ன சார், வீட்டை இடிக்கிறீங்களா, இல்ல கட்டுறீங்களா?"

கதவைத் திறந்த ஏணி, கையிலிருந்த கூடைப்பந்தை அவசரமாக முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். நிலைவாசலில் தலை தட்டும் உயரம். அதனால்தான் அந்தப் பட்டப்பெயர். அத்தனை பெரிய மனிதர் அப்படி நெளிந்ததைப் பார்த்து, உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்த மனைவிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

வாசலில் நின்றவர் கீழ்வீட்டு டெய்லரம்மா. கழுத்தில் அளவு டேப் தொங்கியது. இவர்கள் குடிவந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் முதல் பஞ்சாயத்து.

"மன்னிச்சுக்கங்க. அடுத்த மாசம் ஃபைனல். எங்க ஆம்புலன்ஸ் டிரைவருங்க டீமுக்கு நான்தான் ஃபார்வர்ட். பந்தைத் தட்டிக் கொண்டு வந்து எனக்குக் குடுக்கிறவர் மணிக்கட்டை உடைச்சுக்கிட்டு உக்காந்துட்டார். வேற ஆளும் கிடைக்கல. அந்தக் கவலையில சும்மா தட்டிக்கிட்டிருந்தேன்."

டெய்லரம்மா பந்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். வந்த கோபம் எங்கோ போயிருந்தது.

"வேற ஆள் எதுக்கு? நீங்களே கொண்டு வாங்களேன்."

"நானா? கூடைக்கு அடியில நின்னு, வர்ற பந்தை உள்ள போடுவேன். எனக்குத் தெரிஞ்சதே அவ்வளவுதாங்க."

"தெரியும்... அதாவது, உங்க உசரத்தைப் பாத்தாலே தெரியுது. நான் காலேஜ் டீம்ல பந்து கொண்டு வந்தவ. கீழேருந்து கேட்டே சொல்றேன், உங்க வலது கை பரவாயில்ல. இடது கைதான் தூங்குது."

"வீட்டு வேலைன்னா ரெண்டு கையும் தூங்கும்!" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

மறுநாளே பயிற்சி தொடங்கிவிட்டது. கடையை மூடியதும் டெய்லரம்மா பின்பக்கம் வண்டி நிறுத்தும் இடத்துக்கு வந்துவிடுவார். ஏணி பந்தைத் தட்டுவார். அது ஸ்கூட்டர்களுக்கு அடியில் உருளும். தவழ்ந்து போய் எடுத்து வருவார்.

"பந்தைக் குனிஞ்சு பாக்காதீங்க சார். தைக்கும்போது நான் ஊசியையா பாக்கறேன்? துணி போற வழியைத்தான் பாக்கறேன். தலையை நிமித்துங்க. உங்க ஆளுங்க நாலு பேர் எங்க நிக்கிறாங்க, யார் தனியா இருக்காங்க, அதைப் பாருங்க."

"கூடை கண்ணுல பட்டா கை துறுதுறுங்குதுங்க."

"கூடையை மறந்துடுங்க. நீங்க போட வேண்டாம். மத்தவங்களைப் போட வைங்க."

முதல் பயிற்சி ஆட்டத்தில் மானம் கப்பலேறியது. எதிரில் வந்தவர்களெல்லாம் கடையில் சாமான் எடுப்பதுபோல அவர் கையிலிருந்து பந்தை எடுத்துக்கொண்டு போனார்கள். "ஏணி, நீ பழைய இடத்துலயே நில்லுப்பா, உனக்கு எதுக்கு இந்த வேலை?" என்றார் கோச். வீட்டுக்கு வந்து ஷூவை மூலையில் வீசிய ஏணி, "இனிமே பந்தையே தொட மாட்டேன்" என்றார்.

"தொடாதீங்க. மாடிப்படி ஏறும்போதே முட்டி கடகடங்குது. குதிச்சுக் குதிச்சு இன்னும் எத்தனை நாள் ஆடுவீங்க? இந்த வேலையைக் கத்துக்கிட்டா, குதிக்காமலே நாலு வருஷம் ஓட்டலாம். அப்புறம் உங்க இஷ்டம்" என்று மனைவி விளக்கை அணைத்துவிட்டுப் போய்விட்டாள்.

சற்று நேரத்தில் பந்துச் சத்தம் மறுபடி கேட்டது. இடது கை.

கடைசி நாள் பயிற்சியில் ஏணி தலை நிமிர்ந்து ஓடினார். இடது பக்கம் பார்த்துக்கொண்டே வலது பக்கம் பந்தை அனுப்பினார். டெய்லரம்மா கைதட்டவில்லை. "நல்லாத்தான் கத்துக்கிட்டீங்க" என்று இழுத்தார். முகத்தில் கவலை தெரிந்தது. 'நமக்காக எவ்வளவு கவலைப்படுகிறார்!' என்று ஏணி நெகிழ்ந்துபோனார்.

ஃபைனல் அச்சகத்துக்காரர்களோடு. அவர்களுடைய கேப்டனுக்குப் 'பாறை' என்று பெயர். வருடா வருடம் ஏணியைச் சட்டைபோல ஒட்டிக்கொண்டு ஆடியும் தோற்றுப்போகிறவன். வேறு ஆள் கிடைக்காததால் கோச்சும் கடைசியில் ஒப்புக்கொண்டிருக்க, இந்த முறை ஏணி பந்தோடு நடு மைதானத்தில் நின்றதும் அவன் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சி நீடிக்கவில்லை. அவன் ஏணியை மறிக்க வந்தால் பந்து மூலையில் இருந்தவனுக்குப் போனது. மூலைக்கு ஓடினால் கூடைக்கு அடியில் போனது. டிரைவர்கள் போதாமல் டீமில் சேர்த்திருந்த, பிறந்ததிலிருந்து ஒரு கூடையும் போடாத ஆம்புலன்ஸ் மெக்கானிக் கூடப் போட்டுவிட்டு, தானே நம்பாமல் ஏணியின் கழுத்தைக் கட்டிக்கொண்டான். தான் போட்ட எந்தக் கூடைக்கும் ஏணி இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

விசில் ஊதியபோது அச்சகத்துக்காரர்கள் முன் எப்போதும் இல்லாத அளவுக்குத் தோற்றிருந்தார்கள்.

கூட்டத்தில் டெய்லரம்மாவைத் தேடிப் பிடித்து, ஏணி கைகூப்பியபடி போனார். அவர் வாயைத் திறப்பதற்குள் வியர்வை வழிய குறுக்கே வந்து நின்றான் பாறை. வந்தவன் டெய்லரம்மாவைப் பார்த்துக் கத்தினான்:

"என்னக்கா இது! இந்த ஏணியைக் கூடைப் பக்கத்துலேருந்து கிளப்பி விட்டாப் போதும், கப்பு நமக்குத்தான்டா தம்பின்னு சொன்னியே!"