துணை ஹார்னும் சுவர்ப் பல்லியும்

ஹார்ன் என்கிற பித்தளை வாத்தியத்துக்கு ஒலி வெளிவரும் வாய் பின்பக்கம் பார்த்திருக்கும். அதனால் எதிரே உட்கார்ந்து கேட்பவர்களைவிட, மேடையின் பின்சுவரில் ஒட்டியிருந்த பல்லிக்குத்தான் அது துல்லியமாகக் கேட்டது.

ஆர்க்கெஸ்ட்ராவில் முதல் நாற்காலியில் பெரிய ஹார்ன் இருந்தது. அதன் பக்கத்திலேயே ஒரு துணை ஹார்ன். கூரை அதிர முழங்க வேண்டிய இடம் வந்தபோதெல்லாம் துணைதான் முழங்கியது. பெரியது சும்மா இருந்தது. கடைசியில் மற்ற வாத்தியங்கள் அடங்கியதும், பெரியது மெல்ல ஒரு மெட்டை இழைத்தது. அவ்வளவுதான், அரங்கமே எழுந்து நின்று அதற்குக் கைதட்டியது.

எல்லாரும் போனபிறகு பல்லி இறங்கி வந்து துணை ஹார்னிடம் கேட்டது.

"ஏம்ப்பா, உழைச்சது நீ. கைதட்டு அவருக்கா?"

"தனி மெட்டு வர்ற வரைக்கும் அண்ணனுக்கு மூச்சு மிச்சம் இருக்கணும். அதுக்குத்தானே என்னைப் பக்கத்துல வச்சிருக்காங்க. பதினெட்டு வருஷமா இதான் என் வேலை."

"அப்படியும் கடைசி சுரத்துல அவருக்கு மூச்சு தீர்ந்துபோச்சே. நீதானே நடுவுல சேர்ந்து இழுத்து முடிச்சே?"

துணை ஹார்ன் திடுக்கிட்டது. "உனக்குத் தெரிஞ்சுதா?"

"தெரியாம என்ன? கவலைப்படாதே, நாளைக்கே எல்லார்கிட்டயும் சொல்றேன். உனக்கும் நல்ல பேர் கிடைக்கட்டும்."

"பேர் கிடக்கட்டும், விடு," என்று துணை ஹார்ன் தவித்தது. "நான் சேர்ந்தது எந்த இடத்துல தெரிஞ்சுது? அதை முதல்ல சொல்லு."