முன்னுரை இருந்த இடம்

யூதர்கள் ரகசியமாகக் கூடி உலகை வளைக்கச் சதி செய்ததாகச் சொல்லும் அந்தப் புத்தகம், யாரோ எப்போதோ இட்டுக்கட்டிய பொய். ஒரு பொய்யை எப்படிக் கட்டுகிறார்கள் என்று நம் ஆட்களும் பார்க்கட்டும் என்றுதான் பரிதியின் மனைவி அமுதினி அதைத் தமிழாக்கினாள். ஒவ்வொரு புரட்டையும் பிட்டுவைத்து நீண்ட முன்னுரையும் எழுதினாள். முதல் பதிப்பு வந்த மாதமே இறந்துபோனாள். இரண்டாம் பதிப்பில் முன்னுரை இல்லை. பரிதி பதிப்பகத்துக்குப் போனான்.

“முன்னுரை எங்கண்ணே?”

“பொய்னு முதல் பக்கத்துலயே சொல்லிட்டா எவன் தம்பி வாங்குவான்?” என்றார் பதிப்பாளர் அருமைநாயகம். “மூலத்துல எல்லாம் தத்துப்பித்துன்னு கெடக்கு. தங்கச்சியோட தமிழ்ல படிச்சா அப்படியே நம்பத் தோணுது.”

“நம்பக் கூடாதுன்னுதானே எழுதினா.”

“அது உனக்கும் எனக்கும் தெரியும். விடு.”

“அப்ப அவ பேரையாவது எடுத்துடுங்க.”

“நல்லா சொன்ன போ. அவ பேருக்குத்தானே விக்குது! அடுத்த பதிப்புல பாரு, தங்கச்சிய எங்க வைக்கிறேன்னு.”

மூன்றாம் பதிப்பு தபாலில் வந்தது. முன்னுரை இருந்த இடத்தில் பக்கம் நிறைய அமுதினி சிரித்துக்கொண்டிருந்தாள். இருவரும் சேர்ந்து எடுத்த படத்திலிருந்து தன்னை வெட்டிவிட்டு, அஞ்சலிக் குறிப்புக்காக அவனே அனுப்பியது. கீழே, ‘அஞ்சாமல் உண்மையைத் தந்தவர்’ என்று போட்டிருந்தது. சரியாக வெட்டவில்லை போலும். அவள் தோளில் அவனுடைய விரல்கள் இன்னும் இருந்தன.