போர்டுக்கு அந்தப் பக்கம்

ஞாயிற்றுக்கிழமை வந்தாலே சப்-இன்ஸ்பெக்டர் செல்லதுரைக்குத் தலைவலிதான்.

சம்பா அறுவடை முடிந்து காய்ந்து கிடந்த வயலில் அன்றைக்குத்தான் கார் ரேஸ் நடக்கும். கதவு, கண்ணாடி எல்லாம் கழற்றிய பழைய மாருதிகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு சுற்றிச் சுற்றி வரும். நடத்துபவன் ரெமிஜியஸ், ஒரத்தநாட்டில் கார் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவன். அனுமதி கிடையாது, ஆம்புலன்ஸ் கிடையாது. போன மாதம் ஒரு கார் வரப்பைத் தாண்டிப் பறந்து, யாருடைய வைக்கோல் போருக்குள்ளோ போய்ச் சொருகிக்கொண்டது.

பிடித்து உள்ளே போட வேண்டியதுதானே என்பீர்கள். அங்கேதான் சிக்கல். ‘புளியக்குடி காவல் நிலைய எல்லை முடிவு’ என்று சாலையோரம் ஒரு தகர போர்டு நின்றது. ரேஸ் நடக்கும் வயல் போர்டுக்கு அந்தப் பக்கம். செல்லதுரையின் அதிகாரம் இந்தப் பக்கத்தோடு சரி.

அவர் புளியக்குடிக்கு மாற்றலாகி வந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது. ஸ்டேஷனில் மற்றவர்களும் அவரைப் போலவே ஊருக்குப் புதுசு. பக்கத்து ஸ்டேஷனுக்குப் போன் போட்டால், “அது எங்க லிமிட்டே இல்ல சார்” என்று சொல்லி வைத்துவிட்டார்கள். வேலை செய்ய உடம்பு வணங்காத பயல்கள் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டார்.

எவனாவது ஒருவன் காரோடு எல்லை தாண்டாமலா போவான் என்று, ஜீப்பை போர்டு பக்கத்தில் போட்டுக் காத்திருந்தும் பார்த்தார். ஒருவனும் தாண்டவில்லை. ரெமிஜியஸ்தான் கையில் செம்போடு வந்தான். போர்டுக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டு கையை மட்டும் நீட்டினான்.

“எவ்வளவு நேரம் சார் வெயில்ல காயுவீங்க? மோர் சாப்பிடுங்க.”

“இந்தப் பக்கம் வந்து குடுடா பாப்போம்.”

“ஐயோ, அது உங்க லிமிட்டு சார். நான் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன்!”

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. யாரோ அதைப் படம் பிடித்துப் போட்டுவிட, சாயங்காலம் மகள் குந்தவை போனைக் கொண்டுவந்து நீட்டினாள். போர்டுக்கு அடியில் மீசையோடு உட்கார்ந்திருக்கிறார் செல்லதுரை. கழுத்தில் ஒட்டவைத்த மாலை. கீழே கொட்டை எழுத்தில் ‘எல்லைச்சாமி’.

“ஸ்கூல்ல எல்லாரும் கேக்குறாங்கப்பா, உங்கப்பாவுக்கு எப்ப கெடா வெட்டுன்னு.”

மனுஷனுக்கு அன்று சோறு இறங்கவில்லை. மானமே போன பிறகு மீசை எதற்கு என்று கண்ணாடி முன்னால் நின்றார். இந்த ரேஸை நிறுத்தினால்தான் இனி தெருவில் தலை நிமிர்ந்து நடக்க முடியும்.

அடுத்த ஞாயிறு காலை, ஊரே மாதா கோயிலுக்குப் பூசைக்குப் போயிருந்தது. லுங்கியும் தலையில் முண்டாசும் தோளில் கடப்பாரையுமாக வந்தார் செல்லதுரை. இத்தனை வருஷ சர்வீஸில் ஸ்டேஷன் பென்சிலைக்கூட வீட்டுக்கு எடுத்துப் போகாதவர், அரசாங்க போர்டைப் பிடுங்கினார். கோயில் மணி அடித்ததும், தன்னைப் பிடிக்கத்தான் வருகிறார்கள் என்று கடப்பாரையைக் காலில் போட்டுக்கொண்டார்.

போர்டைத் தூக்கிக்கொண்டு, நொண்டி நொண்டி வயலைக் கடந்து அந்தக் கோடிக்குப் போனார். அங்கே வாய்க்கால் குறுக்கிட்டது, ஒரு மதகும் இருந்தது. எல்லை என்றால் பார்க்கவாவது எல்லை மாதிரி இருக்க வேண்டாமா? மதகு ஓரமாகவே நட்டு, மண்ணை மிதித்துவிட்டு ஓட்டம் பிடித்தார்.

மதியம் ரேஸ் சூடு பிடித்த நேரத்தில் ஜீப் நேராக வயலுக்குள் இறங்கியது.

“புதுசா ஒரு வண்டி களத்துல எறங்கியிருக்கு!” என்று மைக்கில் அலறினான் ஒருவன். அது போலீஸ் ஜீப் என்று புரிந்ததும் மைக்கைப் போட்டுவிட்டு ஓடினான்.

ரெமிஜியஸ் சிரித்துக்கொண்டே வந்தான். “சார், மறந்துட்டீங்களா? இது உங்க லிமிட் இல்ல.”

“போர்டைப் பாத்துட்டுப் பேசு.”

ரெமிஜியஸ் திரும்பினான். போர்டு இருந்த இடத்தில் வெறும் குழிதான் இருந்தது. எதிர்க்கோடியில், மதகு ஓரமாக, போர்டு வெயிலில் பளபளத்தது. அவன் வாய் பிளந்தது.

செல்லதுரை தொப்பியைச் சரிசெய்துகொண்டார். இத்தனை பேர் முன்னால் இவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும், வேலை போச்சு, பென்ஷன் போச்சு.

ரெமிஜியஸ் போர்டைப் பார்த்தான். செல்லதுரையின் காலில் சுற்றியிருந்த துணிக்கட்டைப் பார்த்தான். திறந்த வாயை மூடிக்கொண்டான்.

“சரிங்க சார். எங்க கையெழுத்துப் போடணும்?”

கார்களெல்லாம் ஸ்டேஷன் வாசலுக்கு வந்து சேர்ந்தன. வழக்குப் பதிவானது. இனிமேல் ரேஸ் நடத்துவதில்லை என்று ரெமிஜியஸ் எழுதியும் கொடுத்துவிட்டான். செல்லதுரைக்கு ஒரு பக்கம் சந்தோஷம், இன்னொரு பக்கம் குற்ற உணர்ச்சி பிடுங்கித் தின்றது. தன் செலவிலேயே டீயும் பஜ்ஜியும் வரவழைத்து, “நல்ல மனுஷன்யா நீ” என்று அவன் தோளைத் தட்டி அனுப்பினார்.

வெளியே வந்ததும் ரெமிஜியஸின் மச்சினன் ஜெனித் எகிறினான். “உங்களுக்கு என்ன பைத்தியமா மாமா? அந்த எஸ்.ஐ.தான் போர்டைப் புடுங்கி அங்க நட்டிருக்காரு, சின்னப் புள்ளைக்குக்கூட தெரியும். எஸ்.பி. ஆபீஸ்ல ஒரு புகார் குடுத்தா ஆளு காலி. ஏன் வாயைத் தொறக்கல?”

“எப்படிடா தொறக்குறது? ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நான் திருட்டுத்தனமா புடுங்கிட்டு வந்து இந்தப் பக்கம் நட்ட போர்டை, அந்த மனுஷன் கவர்மென்ட் வச்ச பழைய இடத்துலயே கொண்டுபோய் நட்டுட்டாரே!”